மூக்குப்பேணி ஏன் கடுகு நிறமாகிறது? வீட்டுச் சாமான்களை நீர்வர்ணத்தில் வரையும்போது வரும் பிழைகள்

இதைத் தொடக்கத்திலிருந்து வாசிக்க வேண்டியதில்லை. உங்கள் கடதாசியில் என்ன பிழை தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

நான் வரைவது வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடி ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசையில். வரைபவை எல்லாம் வீட்டில் கிடக்கிற சாமான்கள்: அம்மம்மாவின் மூக்குப்பேணி (மூக்கு வைத்த பித்தளைக் குவளை), வெற்றிலைத் தட்டம், பாக்குவெட்டி, நீலப்பூப் போட்ட பீங்கான், பனையோலைப் பெட்டி, விளிம்பு உதிர்ந்த எனாமல் கோப்பை. இவற்றில் நான் விடாத பிழை இல்லை.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். காணொளிப் பாடங்களில் 'பத்து நிமிடம் காயவிடுங்கள்' என்று சொல்பவர் பெரும்பாலும் குளிர்நாட்டில், ஹீட்டர் போட்ட அறையில் இருக்கிறார். கொழும்புக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேல்தான். ஐப்பசி மழைப் பின்னேரங்களில் அரை மணித்தியாலம் கழிந்தும் பூச்சு குளிர்ந்தே இருக்கும். கீழே வரும் பிழைகளில் பாதி, அவருடைய கடிகாரத்தை நாம் நம்பியதால் வருபவை.

காய்ந்த பிறகு நடுவில் பூக்கோவா (காலிஃபிளவர்) மாதிரி ஒரு கறை

முதல் பூச்சு அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது அதைவிட அதிக நீர் உள்ள பிரஷ் தொட்டிருக்கிறது. புதிதாக வந்த நீர் அங்கே கிடந்த நிறத்துகள்களை வெளியே தள்ளிக்கொண்டு போய், தான் நின்ற இடத்தில் கோடாக விட்டுவிடுகிறது. பிரஷ் தொடவே இல்லை என்றால் பூச்சின் கீழ் விளிம்பைப் பாருங்கள். அங்கே தேங்கிய நீர் மணி, மேற்பகுதி காய்ந்ததும் திரும்பி ஏறியிருக்கும்.

கடதாசியைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, யன்னல் வெளிச்சம் அதில் சறுக்குமாறு சரித்துப் பாருங்கள். பளபளவென்று நீர் நின்றால் இன்னொரு நிறத்தைத் தாராளமாக விடலாம். பளபளப்பு போய், பட்டுத்துணி மாதிரி மங்கலான மினுக்கம் மட்டும் இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். அதுதான் ஆபத்தான நேரம். மினுக்கமும் போன பிறகு விரலின் பின்பக்கத்தை மெல்ல வையுங்கள். குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம். அறைச் சூட்டுக்கு வந்தால்தான் அடுத்த பூச்சு.

மங்கல் மினுக்கத்தில் எதையாவது செய்தே ஆக வேண்டுமென்றால், பிரஷில் நீர் கடதாசியில் இருப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நான் என் கலவைகளை பிளேன்டீ, பால், தயிர் என்று மூன்று பதமாக வைத்திருக்கிறேன். பிளேன்டீப் பூச்சு ஈரமாக இருக்கும்போது மேலே தயிரைத் தொடலாம். தயிர்ப் பூச்சு ஈரமாக இருக்கும்போது பிளேன்டீ போய் விழுந்தால் பூக்கோவா நிச்சயம்.

சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே காயவைக்காதீர்கள். ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் ஈரமாகவே நிற்கும், அதுவே கறைக்குக் காரணமாகும். பலகையை லேசாகச் சரித்து, கீழ் விளிம்பில் சேரும் மணியை ஒட்டப் பிழிந்த பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுத்த பிறகு மூலையில் வையுங்கள். ஹெயார் டிரையர் பாவிக்கலாம். ஆனால் பளபளப்பு போன பிறகுதான், ஒரு முழத்துக்கு அப்பால் பிடித்து. நீர் நிற்கும்போது ஊதினால் அது ஓடி வேறெங்கோ பூக்கும்.

வந்துவிட்ட கறையை, முழுதாகக் காய்ந்த பின் ஈரப் பிரஷால் விளிம்பு தேய்த்து ஓரளவு குறைக்கலாம். களிம்பேறிய பித்தளையில் விழுந்த பூக்கோவாவை மட்டும் நான் தொடமாட்டேன். நான் வேண்டுமென்றே போட்டால்கூட அவ்வளவு வடிவாக வராது.

பித்தளை பித்தளையாகத் தெரியவில்லை, கடுகு அரைத்துப் பூசினது போல் இருக்கிறது

அதிகம் வரும் முறைப்பாடு இதுதான், எனக்கும் அதிக நாள் பிடித்தது இதுதான். மஞ்சளைப் பூசி, நிழலுக்குக் கறுப்பைக் கலந்திருப்பீர்கள். மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் பழுப்பு வரும் என்று நினைப்போம், வருவது பாசிப் பச்சை. பேணி பாசி பிடித்த வாளியாகிவிடும்.

நிறத்தைச் சரிசெய்தாலும் பாதிப் பிரச்சினை அப்படியே இருக்கும். பித்தளையைப் பித்தளை என்று கண்ணுக்குச் சொல்வது மஞ்சள் நிறத்தைவிட, வெள்ளைக்குப் பக்கத்திலேயே கிட்டத்தட்டக் கறுப்பு நிற்பதுதான். மினுக்கிய உலோகம் ஒரு வளைந்த கண்ணாடி. மூக்குப்பேணியின் வயிற்றில் யன்னல் தெரியும், யன்னல் கம்பிகள் வில்லாக வளைந்து தெரியும், நீங்கள் போட்டிருக்கும் சேர்ட்டும் தெரியும். மண்பானையில் வெளிச்சத்திலிருந்து இருளுக்கு மெதுவாகப் போவோமே, அந்தப் பழக்கத்தோடு பேணிக்கு வந்தால் பேணியும் மண்ணாகத்தான் தெரியும். இங்கே தாவல்கள் திடீர் திடீரென்று வரும், விளிம்புகள் கத்தியால் வெட்டினது போல் இருக்கும்.

நான் செய்வது இப்படி. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பென்சிலால் இரண்டை மட்டும் குறிக்கிறேன்: மிக வெள்ளையான துண்டுகள், மிக இருண்ட துண்டுகள். நடுவில் உள்ளதைக் குறிப்பதே இல்லை. பிறகு ரோ சியன்னா என்ற மண்மஞ்சளை பிளேன்டீப் பதத்தில், வெள்ளைத் துண்டுகளை விட்டுவிட்டு எல்லா இடத்திலும் பூசுகிறேன். யெல்லோ ஓக்கரும் சரிதான், கொஞ்சம் மந்தமாக இருக்கும். அது ஈரமாக இருக்கும்போதே சில இடங்களில் பேர்ண்ட் சியன்னா என்ற செம்பழுப்பைப் பால் பதத்தில் தொடுகிறேன். அப்புறம் காத்திருக்கிறேன், உண்மையாகவே காயும் வரை. இந்த நேரத்தில் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடிக்கலாம். மேசையில் இரண்டு கோப்பை இருந்தால் பிரஷ் எதற்குள் போகும் என்பது உங்களுக்குத் தெரியும்தானே, அதனால் தேத்தண்ணியை வேறு அறையில் குடியுங்கள்.

காய்ந்த பிறகு இருள். பேர்ண்ட் சியன்னாவோடு அல்ட்ராமரீன் நீலத்தைத் தயிர்ப் பதத்தில் சேர்த்தால் கறுப்புக்குக் கிட்டப் போகும் ஒரு கபிலம் கிடைக்கும். அதை வெள்ளைக்கு ஒட்டினாற்போல், ஒரே இழுப்பில், தயங்காமல் வைக்க வேண்டும். பெரும்பாலானோர் பயந்து நிற்பது இந்த இடத்தில்தான். ஈரமாக இருக்கும்போது அளவுக்கு மீறிக் கறுப்பாகத் தெரியும், காய்ந்தால் ஒரு படி வெளுத்துவிடும். ஆகவே கொஞ்சம் கூடிவிட்டதோ என்று மனம் அடித்துக்கொள்ளும் அளவுக்கு வையுங்கள். அதை வைத்த மறுகணம் கடுகு பித்தளையாகும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தக் கணம் எனக்கு அலுக்கவில்லை.

தங்கநிற மினுக்கப் பெயின்டை விட்டுவிடுங்கள். கலியாண அழைப்பிதழுக்கு அது சரி. கடதாசியில் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி மினுங்கும், படம் எடுத்தால் சாம்பலாக விழும்.

முதல் முறை வரைபவருக்கு மினுக்காத பேணியே நல்லது. களிம்பு பிடித்ததில் தாவல்கள் மென்மையாக இருக்கும், பச்சையும் ஊதாவும் தானாகக் கிடைக்கும். ஒருமுறை அப்படியொரு பழைய செம்பைப் பாதி வரைந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. பின்னேரம் வந்து பார்த்தால் அம்மா புளி போட்டு மினுக்கி, கண் கூசும்படி வைத்திருக்கிறார். புளியில் உள்ள அமிலம் மேலே படிந்த ஒட்சைட்டைக் கரைத்துவிடும், என் பாதிப் படமும் அதோடு கரைந்தது. இப்போது, வரைகிற சாமானை அலுமாரிக்குள் பூட்டிவிட்டுத்தான் போகிறேன்.

பேணியின் வாய் கோணலாக இருக்கிறது, அடி மேசையில் நிற்காமல் மிதக்கிறது

வர்ணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பென்சிலிலேயே நடந்த பிழை. நடுவில் ஒரு நிமிர்ந்த கோடு போடுங்கள். வாயின் நீள்வட்டம் அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இரண்டு ஓரங்களும் மாங்கொட்டை நுனி மாதிரி கூராக வரக்கூடாது, எவ்வளவு ஒடுங்கினாலும் ஓரம் வளைந்துதான் திரும்பும்.

அடியை நேர்கோடாகப் போடுவது எல்லோரும் விடும் பிழை. மேசையில் உள்ள சாமானை நாம் மேலிருந்து பார்க்கிறோம். கண்மட்டத்துக்குக் கீழே போகப் போக வட்டம் விரிந்து தெரியும். ஆகவே அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கொஞ்சம் கூடவே வேண்டும். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், கோணல் உடனே காட்டிக்கொடுக்கும். மூக்கைக் கடைசியில் ஒட்டுங்கள். அது உடம்பிலிருந்து முளைக்கும் இடமும் ஒரு சிறு நீள்வட்டம்தான்.

காலையில் தொடங்கிய நிழல் இப்போது வேறெங்கோ போய்விட்டது

கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சூரியன் விறுவிறுவென்று உச்சிக்கு ஏறிவிடும். ஏப்ரலில் நண்பகல் வெயிலில் வைத்த செம்பின் நிழல் அதன் காலுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். காலை எட்டிலிருந்து பத்து வரை நல்லது. கடற்கரைப் பக்க யன்னல் உள்ள ஃபிளாட்காரருக்கு மூன்று மணிக்குப் பிறகு மேற்கு வெயிலும் கடலின் மினுக்கமும் சேர்ந்து அடிக்கும். ஒரு வெள்ளை வேட்டியை யன்னலில் கட்டுங்கள்.

முதல் பத்து நிமிடத்தில் நிழலின் எல்லையைப் பென்சிலால் குறித்துவிட்டால், பிறகு சூரியன் எங்கே போனாலும் கவலையில்லை. குறித்ததை மட்டும் நம்புங்கள், நடுவழியில் திருத்தாதீர்கள்.

நீலப்பூப் பீங்கான்: பூக்கள் தட்டில் இல்லை, ஸ்டிக்கர் மாதிரி மேலே ஒட்டிக்கிடக்கின்றன

பூவை முதலில் ஆசையாக வரைந்துவிட்டு, பிறகு தட்டைத் தேடியிருக்கிறீர்கள். வரிசையை மாற்றுங்கள். முதலில் பூவே இல்லாத வெறும் வெள்ளைத் தட்டாக நிழல் போட்டு முடியுங்கள். குழி, விளிம்பு, மேசையில் விழும் நிழல், எல்லாம். காய்ந்த பின் பூக்கள்.

பூக்களும் தட்டோடு சேர்ந்து வளைய வேண்டும். விளிம்பில் ஒரே இடைவெளியில் உள்ள பன்னிரண்டு பூக்களில், உங்களுக்கு நேரே எதிரில் உள்ளவை மேலும் கீழும் நசுங்கியும், இடம் வலத்தில் உள்ளவை விளிம்பின் போக்கில் ஒடுங்கியும் தெரியும். இரண்டாவது, ஒரே நீலத்தை எல்லா இடத்திலும் பூசாதீர்கள். வெளிச்சத்தில் உள்ள பூ பிளேன்டீ, நிழலுக்குள் போகும் பூ பால். மினுக்கம் விழும் இடத்தில் பூ பாதியில் அறுந்தே போகும், அறுந்த இடத்தை நிரப்ப வேண்டாம். அந்த அறுந்த இடம்தான் தட்டு வழவழப்பானது என்று சொல்கிறது.

பூவுக்கு மேலே நிழலைப் பூசப் போய் நீலம் கரைந்து ஓடியதா? அல்ட்ராமரீன் லேசாகக் கிளம்பிவிடும் நிறம். தலோ நீலம் கடதாசியைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் கொஞ்சம் கூடினாலும் படம் முழுவதையும் விழுங்கிவிடும். நீல-வெள்ளைப் பீங்கானில் உண்மையில் மெருகுக்குக் கீழே இருப்பது கோபால்ட் ஒட்சைட், அதனால் கோபால்ட் நீலம் வைத்தால் பொருந்திவிடும். விலைதான் கையைக் கடிக்கும். அல்ட்ராமரீனில் ஒரு துளி தலோ சேர்த்தே நான் சமாளிக்கிறேன்.

வில்லோ வடிவத் தட்டு (சீனப் பாணிக் காட்சி போட்ட நீலத் தட்டு) வைத்திருப்பவர்கள், பாலமும் அதில் போகும் மூன்று பேரும் மேலே இரண்டு பறவைகளுமாக ஒன்று விடாமல் வரைய உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு பக்கத்தை மட்டும் விவரமாக வரைந்து, மற்றதைப் புள்ளியும் கோடுமாக விட்டுப் பாருங்கள். பார்ப்பவரின் கண் மிச்சத்தைத் தானே போட்டுக்கொள்ளும்.

வெள்ளைப் பீங்கான் அழுக்காகத் தெரிகிறது

நீர் மாற்றினீர்களா? முதலில் அதைப் பாருங்கள். எனக்கு இரண்டு ஜாம் போத்தல் வேண்டும், ஒன்று கழுவ, ஒன்று எடுக்க.

நீர் சுத்தமென்றால், சாம்பலில் மூன்று நான்கு நிறங்கள் கலந்திருக்கும். அல்ட்ராமரீனும் பேர்ண்ட் சியன்னாவும் மட்டும் போதும். யன்னலுக்கு எதிர்ப்பக்கம் நீலம் கூட, மேசை மரத்திலிருந்து வெளிச்சம் ஏறும் அடிப்பக்கம் சியன்னா கூட. பெட்டிகளில் வரும் வர்ணங்களில் ஒரே டியூபுக்குள்ளேயே இரண்டு மூன்று நிறப்பொருள் இருக்கும். டியூபின் பின்னால் பி.பி. 29, பி.வை. 43 என்று எழுதியிருக்கும் நிறப்பொருள் குறியீடுகளை எண்ணிப் பாருங்கள். கலவையில் மொத்தம் மூன்றுக்கு மேல் போனால் சேறு.

வெள்ளை டியூபால் மேலே பூசி மீட்க முடியாது. சைனீஸ் வைட் என்பது 1834இல் லண்டனில் வின்சர் அன்ட் நியூட்டன் விற்கத் தொடங்கிய துத்தநாக வெள்ளை. ஒரு பொட்டு மினுக்கத்துக்கு அது உதவும். அழுக்கின் மேல் அகலமாகப் பூசினால் பால் கொட்டினது போலாகும். வெள்ளையை வெள்ளையாக்குவது அதன் பின்னால் உள்ள இருள். பின்புறத்தில் ஒரு கடும்பச்சையோ கபிலமோ வைத்துப் பாருங்கள், நேற்று அழுக்காகத் தெரிந்த அதே தட்டு வெளுத்து நிற்கும்.

பனையோலைப் பெட்டி கட்டம் போட்ட சாரத் துணியாகத் தெரிகிறது, பின்னல் தெரியவில்லை

சுளகு, நீத்துப்பெட்டி, கொட்டப்பெட்டி எல்லாவற்றுக்கும் இதே கதை. ஒவ்வோர் ஓலைக்கும் இரண்டு பக்கமும் கோடு கீறியிருப்பீர்கள். கோடு கீறினால் கம்பி வலையாகத்தான் முடியும். ஓலையை வரையாமல், ஓலை ஓலைக்குக் கீழே நுழையும் இடத்தில் உள்ள சின்ன இருட்டை மட்டும் தொடுங்கள். முழுப் பெட்டிக்கும் முதலில் ஒரு மெல்லிய ரோ சியன்னா, காய்ந்ததும் ஒன்றுவிட்டொரு கட்டத்துக்கு இன்னொரு மெல்லிய பூச்சு, பிறகு நுழையும் மூலைகளில் கபிலப் பொட்டு. வெளிச்சம் நேராக விழும் பக்கத்தில் பொட்டே வேண்டாம். சாயம் போட்ட சிவப்பு, பச்சை ஓலைகள் இருந்தால் அவற்றைக் கடைசியில், கட்டத்தைத் தாண்டாமல்.

மறைப்புத் திரவத்தை உரித்தால் கடதாசியும் சேர்ந்து உரிகிறது

வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் வர்ணம் படாமல் முதலில் பூசி, பிறகு உரித்தெடுப்பதுதான் மறைப்புத் திரவம். பெரும்பாலானவை றப்பர்ப் பாலில் செய்தவை, பழுதாகாமல் இருக்க அமோனியா சேர்த்திருப்பார்கள். மூடியைத் திறந்தவுடன் வரும் மணம் களுத்துறை, கேகாலைப் பக்கம் றப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். சூடு பட்டால் அது இறுகிக் கடதாசியைப் பிடித்துக்கொள்ளும். பூசிய படத்தை வெயிலில் வைக்காதீர்கள், டிரையர் ஊதாதீர்கள், இரவிரவாக விடாதீர்கள். மேலே உள்ள பூச்சு முழுதாகக் காயும் முன் உரித்தாலும் கடதாசி கிளம்பும். பிரஷைத் தோய்க்கும் முன் சவர்க்காரத்தில் ஒருமுறை உருட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிரஷைக் குப்பையில்தான் போட வேண்டும்.

கடதாசி அப்பளமாக நெளிகிறது

சதுர மீட்டருக்கு 300 கிராமுக்குக் குறைந்த கடதாசி. பாடசாலைச் சித்திரக் கொப்பியில் நீர்வர்ணம் நெளியத்தான் செய்யும், உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. முடிந்த படத்தை நிமிர்த்த, பின்பக்கத்தை ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்து, இரண்டு சுத்தக் கடதாசிகளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரண்டு நாள் விடுங்கள். ஒரு நாள் இங்கே போதாது.

நல்ல கடதாசிதான், ஆனால் நிறம் புள்ளி புள்ளியாக உறிஞ்சப்படுகிறது

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. அதுவரை என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். நீர்வர்ணக் கடதாசியில் ஜெலற்றினோ வேறு பசையோ சேர்த்திருப்பார்கள். அது இருப்பதால்தான் வர்ணம் மேலே நின்று நமக்கு நேரம் தருகிறது. ஈரக்காற்றில் வருடக்கணக்காகக் கிடந்தால் அந்தப் பசை செத்துப்போகும், பிறகு அது ஒற்றுத்தாள் மாதிரித்தான்.

மூலையில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். மணியாக நின்றால் கடதாசி நலம். விழுந்தவுடன் இருண்டு உள்ளே இறங்கினால் முடிந்தது. சில தாள்களில் பார்க்க ஒன்றும் தெரியாது, வர்ணம் பட்ட பிறகே புள்ளிகள் கிளம்பும். செத்த தாளை வீசாதீர்கள், பென்சிலுக்கும் பேனைக்கும் ஆகும். புதுத் தாளைக் கொஞ்சமாக வாங்கி, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வருமே, அந்தப் பைதான். மழை அடிக்கும் வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரி வேண்டாம்.

பூவின் சிவப்பு ஒரு வருடத்தில் வெளிறிவிட்டது

அலிசரின் கிரிம்சன், பி.ஆர். 83 ஆக இருக்கும். வெளிச்சத்துக்குத் தாங்காது. குவினாக்ரிடோன் ரோஸ், பி.வி. 19 வாங்குங்கள்.

வர்ணப்பெட்டியில் பூஞ்சணம், அல்லது எறும்பு

வேலை முடிந்ததும் மூடியைச் சாத்திவிடுகிறீர்கள். கட்டிகள் ஈரமாக உள்ளே வேகின்றன. இரவு முழுவதும் திறந்து வைத்து, காலையில் மூடுங்கள். பூஞ்சணம் மேலாக மட்டும் இருந்தால் ஈரத் துணியால் துடைத்து, மேல் படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பாவிக்கலாம். உள்ளே இறங்கி நாற்றம் அடித்தால் அந்தக் கட்டியை எறிந்துவிடுங்கள், கடதாசிக்கும் தொற்றும். பிரஷ்களை ஈரத்தோடு குழாய்க்குள் போடாமல், துவாயில் படுக்கவைத்துக் காயவிடுங்கள்.

எறும்பு வந்தால் வர்ணத்தில் தேன் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். சில வகைகளில் கட்டி இறுகிப்போகாமல் இருக்கத் தேன் சேர்ப்பார்கள். நம் காற்றில் அது எப்போதுமே பிசுபிசுவென்றுதான் இருக்கும். என் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் விட்ட ஒரு காலையில் ரோ சியன்னாவுக்கு மட்டும் ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது, பக்கத்திலிருந்த நீலத்தை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது பெட்டி ஒரு தட்டில் நீர் ஊற்றி அதன் நடுவே கவிழ்த்த கோப்பையின் மேல் இருக்கிறது, அம்மா சீனிப் போத்தலை வைப்பது போலவே.